தலைமாட்டு மாத்திரை

முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து நான் ஏம்பலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வலிக்கென்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டால்தான் ஒருக்களித்துப் படுக்க முடியும். போடாவிட்டால் இடுப்புக்குள் கடப்பாரையை விட்டு நெம்புவது போல இருக்கும். மருமகள் திருபுவனையில் கம்பெனி வேலைக்குப் போகிறவள். காலையில் மாத்திரை அட்டையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவாள்.

அவள் போனதும் என்னைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். ஆப்பிளும் பன்னும் வாங்கி வந்து, காலடியில் உட்கார்ந்து, "வலி எப்படி இருக்குது?" என்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் வலியைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

முதலில் கேட்டது நாத்தனார்தான். "அண்ணி, இது பெரிய ஆஸ்பத்திரி மாத்திர இல்ல? ஒண்ணு குடேன். முட்டி வலி உசுரு போவுது."

"எனக்கு எழுதினது..."

"உனக்கு இன்னா, படுத்துக்கினுதானே கீற. நான் நடக்கணுமே!"

நியாயமாகத்தான் பட்டது. கொடுத்தேன். அவருக்கு வலி போய்விட்டது. ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

மறுநாள் பண்டசோழநல்லூரிலிருந்து சம்பந்தியம்மா, கழுத்து வலியோடு. பிறகு எதிர்வீட்டுக்காரி, நாற்று நட்ட இடுப்போடு. வந்தவர்களுக்குக் குங்குமம் கொடுக்காமல் அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. எழுந்து போய் சிமிழை எடுக்க முடியவில்லை. கைக்கு எட்டியது மாத்திரைதான். ஒருத்தி வீட்டுக்காரருக்கும் சேர்த்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். எல்லாரும் ஜன்னல் வழியே விறுவிறுவென்று நடந்து போவார்கள். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு பார்ப்பேன்.

"அத்தை, அட்டை அதுக்குள்ள காலியா?" என்று மருமகள் அதிர்ந்தாள். மருந்துக் கடையில் புதுச் சீட்டு இல்லாமல் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நாத்தனார்தான் வாடகைக் காரில் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"மாத்திரை கேக்குதாம்மா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

நாத்தனார் முந்திக்கொண்டார். "சூப்பரா கேக்குது டாக்டர்! ஒண்ணுதான் போட்டேன், முட்டி வலி போன எடம் தெரில. எங்க தெருவே எழுந்து நடக்குது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆபரேஷன் யாருக்கு?"

நாத்தனார் என்னைக் காட்டினார்.

"இவங்களுக்கு வலி எப்படி இருக்கு?"

"அண்ணி வாயே தொறக்காது டாக்டர். தங்கமானது."

பெரியவர்கள் எதிரில் நான் சத்தமாகப் பேசியதே இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தால் செத்துவிடுவேன் போலிருந்தது.

"எனக்குக் கெடைக்கல டாக்டர்," என்றேன்.

"என்னம்மா?"

"எனக்குக் கெடைக்கவே இல்ல!"

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் நர்சைக் கூப்பிட்டு, அங்கேயே எனக்கு ஒன்றை விழுங்கக் கொடுத்தார். பிறகு, ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் தின்றால் என்ன ஆகும் என்று நாத்தனாரிடம் கத்தினார்.

திரும்பும்போது வில்லியனூர் தாண்டி கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் கத்தவில்லை.

"ஐயோ, என் முட்டி!" என்றார் நாத்தனார். என் மடியிலிருந்த மருந்துப் பையையே பார்த்தார்.

"வீட்ல ஆப்பிள் இருக்குது, சாப்புடுறியா?" என்றேன்.