கீழ் வீட்டுக்காரர் தந்த சோப்புத்தூள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. காலிங் பெல். திறந்தால், வாசலில் ஒரு ஜப்பானியத் தம்பதி! எங்களுக்குக் கீழ் வீட்டில் அன்றுதான் குடி வந்தவர்கள். இருவரும் இடுப்பு வரை குனிந்தார்கள். பளபளவென்று தாள் சுற்றிய ஒரு பெட்டியை இரண்டு கைகளாலும் நீட்டினார்கள். "எங்களிடம் அன்பாக இருங்கள்" என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மறுபடி குனிந்து, போய்விட்டார்கள்.

பிரித்தால்... துணி துவைக்கிற சோப்புத்தூள்.

அமெரிக்காவில், இந்த குபெர்டினோவில் குப்பை கொட்டும் எந்தத் தமிழனுக்கும் அந்த நிமிடம் சந்தேகம் தட்டும். ஏன் என்கிறீர்களா? இங்கே இந்தியக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருத்தர் சிரித்து, "சார் தமிழா? எந்த ஊரு?" என்று கேட்டால் அது பாசம் இல்லை. அடுத்த வாரமே வீட்டுக்கு வருவார். பஜ்ஜி சாப்பிடுவார். பிறகு ஒரு பேப்பரில் வட்டம் போடுவார். அதற்குக் கீழே இரண்டு வட்டம், அதற்கும் கீழே நாலு. நீங்கள் அவரிடம் சோப்பு வாங்கி விற்க வேண்டும், உங்களுக்குக் கீழே ஆள் பிடிக்க வேண்டும், பிடித்தால் சீக்கிரமே வேலையை விட்டுவிட்டு ராஜா மாதிரி இருக்கலாம்! எங்கள் சோபாவில் உட்கார்ந்து நாலைந்து பேர் வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஏங்க, இது ஜப்பான்காரங்க வரைக்கும் போயிடுச்சா?" என்றாள் என் மனைவி வசந்தா. கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கு இன்னொரு சந்தேகம். "இல்ல... நம்ம துணியெல்லாம் பெருங்காய வாசனை அடிக்குதுன்னு சொல்லாம சொல்றாங்களா?"

நான் முதல் கட்சி. இது ஃப்ரீ சாம்பிள், வட்டம் பின்னாலேயே வரும் என்றேன். மறுநாள் சாயங்காலம் பெல் அடித்தது. கதவு ஓட்டை வழியாகப் பார்த்தேன் – அந்தப் பெண்மணி! விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் கார்ப்பெட்டில் உட்கார்ந்துகொண்டோம். எங்கள் நாலு வயது பரத் மட்டும் உரக்க, "டாடி, வொய் ஆர் வீ ஹைடிங்?" என்றான்.

அவரை உள்ளே கூப்பிட்டு, "எங்களுக்கு இதில் இஷ்டமில்லை" என்று சொல்லி அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். முடியாது. அங்கேதான் சிக்கல். கீழ் வீட்டில் முன்பு இருந்தவர், பரத் ஓடுகிறான், காலையில் கிரைண்டர் கடகடக்கிறது என்று அபார்ட்மென்ட் ஆபீஸில் புகார் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இன்னொரு புகார் வந்தால் லீஸ் புதுப்பிக்க மாட்டேன் என்று மேனேஜர் அம்மாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். வசந்தாவுக்கு ஏழாம் மாதம். இந்த ஊரில் இப்போது வேலை தெருவில் கிடக்கிறது, வீடுதான் கிடைப்பதில்லை. கீழ் வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டால் அந்த வயிற்றோடு அவள் பெட்டி கட்ட வேண்டும். எனக்கு உண்மையிலேயே பயம்.

இந்த நிலையில் நான் வேலை பார்க்கும் கம்பெனி என்னை டோக்கியோவுக்கு அனுப்பியது, ஒரு வாரம்.

அங்கே போயும் சந்தேகம் விட்டதா? ரயிலில் பக்கத்து சீட்டில் ஒருவர் முகத்தில் வெள்ளை மாஸ்க்கோடு உட்கார்ந்தார். ஏதோ பெரிய வியாதி என்று நான் நைசாக எழுந்து நின்றுகொண்டேன். "அவருக்கு ஜலதோஷம். உனக்கு வரக்கூடாது என்று போட்டிருக்கிறார்" என்றார் கூட வந்த ஆபீஸ் நண்பர் மொரிதா. யாரென்றே தெரியாத எனக்காகவா! நம்பவே முடியவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது சோப்புத்தூள் கதையைச் சொன்னேன். மொரிதா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"புது வீட்டுக்குப் போனால் அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். சோப்பு, டவல், நூடுல்ஸ்... எங்களால் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நீ என்ன செய்தாய்?"

"விளக்கை அணைத்துவிட்டோம்."

அவர் பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார். எனக்கு அவமானமாக இருந்தது. அடுத்த நொடியே ஒரு சந்தேகம். "மேலே இருப்பது நாங்கள். சத்தம் போடுவதும் நாங்கள். அப்படியானால், இது ஜாடையா?"

"இருக்காது" என்றார். யோசித்தார். "இருக்கலாம். எங்கள் கியோத்தோ பக்கம், பக்கத்து வீட்டுப் பெண் பியானோ வாசித்துத் தூக்கத்தைக் கெடுத்தால், 'உங்கள் மகள் நன்றாக வாசிக்கிறாளே' என்போம். அவர்கள் புரிந்துகொண்டு நிறுத்திவிடுவார்கள்."

பாராட்டினால் திட்டு! இந்த ஞானத்தோடு ஊர் திரும்பினேன். மறுநாளே மாடிப்படியில் கீழ் வீட்டுக்காரர். குனிந்தார். நானும் குனிந்தேன். சிரித்தபடி சொன்னார்: "உங்கள் பையன் மிகவும் ஆரோக்கியமாக இருக்கிறான்."

போச்சு!

"புள்ள நல்லா இருக்கான்னு சொன்னதுக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?" என்றாள் வசந்தா. மொரிதா சொன்னதைச் சொன்னேன். அவள் சத்தமில்லாமல் போய் கிரைண்டருக்கு அடியில் ஒரு கம்பளியை மடித்து வைத்தாள்.

இரண்டு நாளில் மேனேஜர் அம்மாளிடமிருந்து போன். கீழ் வீட்டுக்காரர்கள் விஷயமாகப் பேச வேண்டுமாம். உடனே அபார்ட்மென்ட் ஆபீஸுக்கு ஓடினேன்.

"அவர்கள் ரொம்பக் கவலையாக இருக்கிறார்கள்" என்றாள். "நீங்கள் கதவே திறப்பதில்லையாமே? தாங்கள் மீன் பொரிக்கிற வாசனை உங்களுக்குப் பிடிக்கவில்லையோ, ஏதாவது தப்பு செய்துவிட்டோமோ என்று கேட்கச் சொன்னார்கள். நான் என்ன பதில் சொல்லட்டும்?"

ஆஹா... அந்தப் பக்கமும் இதே கதைதானா? 'ரொம்ப நல்லவர்கள், இருக்கிற இடமே தெரியவில்லை என்று சொல்லுங்கள்' என்று வாயைத் திறந்தவன், சட்டென்று மூடிக்கொண்டேன். பாராட்டி வைத்து, அதற்கு அவர்கள் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார்களோ! நானே போய்ப் பேசிக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வசந்தாவோடு கீழே இறங்கினேன். அவர்கள் வீட்டிலும் செருப்பு வாசலோடு சரி. டீ வந்தது. நாலு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். வசந்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இவங்க இப்படியே குனிஞ்சுட்டு இருந்தா எனக்கு டெலிவரியே ஆயிடும். நேரா கேளுங்க!" என்றாள் தமிழில்.

கேட்டேன். "எங்கள் வீட்டுச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா? ஆமாவா, இல்லையா?"

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண்மணி டீக் கோப்பையைப் பார்த்தாள்.

"ஆமாம்" என்றார் அவர். "பையன் ஓடுவது பரவாயில்லை. காலையில் அந்த மெஷின்... தாங்க முடியவில்லை."

மேனேஜர் அம்மாளிடம் புகார் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்!

ஒரு மனிதன் என்னை முகத்துக்கு நேரே குறை சொல்லி, நான் இவ்வளவு நிம்மதியாக மூச்சு விட்டது அன்றுதான்.