லூர்துசாமி மறைத்து வைக்காத புத்தகம்

மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு அன்று காலை கீரனூரில் பஸ் இறங்கினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததிலிருந்து நான் எந்தச் சுவரையும் விடுவதில்லை. கடைப் பெயரோ கட்சி விளம்பரமோ, நின்று படித்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வேன். அன்றும் அப்படித்தான் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி முன்னால் நின்றேன். மீசை வைத்த ஓர் இளைஞரின் பழைய படம்; யாரென்று தெரியவில்லை. 'ஓய்வுபெற்ற நடத்துநர்' என்பதைக் கூட்டி முடித்து அடுத்த வரிக்குப் போனேன். லூர்துசாமி. மூன்று தடவை படித்தேன். அடக்கம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அவருக்கு அஞ்சலி செலுத்த இங்கே கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஓய்வு பெற்றதும் வீட்டின் முன்னறையில் படிப்பகம் வைத்தவர். நான் அங்கே முதலில் போனது சண்டைக்கு. நம் வட்டாரத்தில் அந்தக் காலத்தில் யார் யாரை எப்படி நடத்தினார்கள் என்று எழுதிய புத்தகம் ஒன்று அங்கே இருந்தது. அதில் நம் ஊர்ப் பெயரும் உண்டு. ஊரை அசிங்கப்படுத்தும் பொய், அதை அகற்ற வேண்டும் என்று மனு எழுதினார்கள். கையெழுத்துகளுக்கு நடுவே ரேகை என்னுடையது ஒன்றுதான். அவர் மனுவை நிதானமாகப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "எந்தப் பக்கத்துல ஒங்களுக்கு வருத்தம்ணே? சொல்லுங்க, எடுத்துப் பாப்போம்."

என் மச்சான் முந்திக்கொண்டார். "அவுகளுக்கு எங்க படிக்கத் தெரியும்? பஸ் போர்டையே நம்மகிட்டதான் கேப்பாக."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அப்பப் படிச்சுட்டு வந்து ரேகை வைங்கண்ணே. அதுவரைக்கும் புத்தகம் இந்த அலமாரியிலதான் இருக்கும்."

இருந்தது. மனுவைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம்; தடை செய்த புத்தகம் இல்லை என்று அங்கே திருப்பிவிட்டார்கள். ஆனாலும் ஊர் அவர் வாசலை மிதிக்கவில்லை. பேப்பர் பார்க்கக்கூட ஆள் வரவில்லை. அந்த ஒன்றை மட்டும் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள் என்று அவர் மனைவியே கெஞ்சினாராம். "ஆளில்லேன்னாலும் டயத்துக்குப் பஸ்ஸை எடுத்துத்தான் ஆகணும்" என்றாராம்.

அன்றைய சிரிப்பு என்னை விடவில்லை. நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களோடு மாலை வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படித்தேன். ஒன்றரை வருடம் கழித்துப் போய் அந்தப் புத்தகத்தைக் கேட்டபோது, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நான்தான் பொறுக்காமல், திட்டுவதற்குத்தான் என்றேன். "முப்பது வருசம் டிக்கெட் கிழிச்சிருக்கேன். எதுக்குப் போறீகன்னு ஒருத்தரையும் கேட்டதில்ல" என்று சொல்லி, நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார்.

ஒரு நாளைக்கு அரைப் பக்கம். ஒரு வரி முழுதாக வந்துவிட்டால் சத்தமாகச் சொல்வேன். அவர் நிமிர்ந்து பார்ப்பார். மகள் வீட்டுக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் நம் ஊருணி வந்தது. கீழத்தெருக்காரர்கள் குடத்தோடு கரைக்குக் கீழே நிற்பார்கள், நம்மில் யாராவது மனம் வைத்து மொண்டு ஊற்றினால்தான் அவர்களுக்குத் தண்ணீர் என்று எழுதியிருந்தது. புத்தகத்தை மூடினேன். "என்னண்ணே, திட்டலையா?" என்றார். வந்து சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அவர் மனைவி அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். கேட்டு வருகிறவர்களுக்குத் தருவேன்.

அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன். அதில் இருப்பது பொய் இல்லை. ஏழெட்டு வயதில் நான் அந்தக் கரையில் நின்றிருக்கிறேன். ஓர் அம்மா காலிக் குடத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒரு குடம் ஊத்துங்க சாமி" என்று கேட்டார். நான் ஊற்றவில்லை.