வாசலுக்கு மேல் இருபத்து மூன்று செருப்புகள்

1944 ஏப்ரல் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிஷம். வானத்தில் துண்டு மேகம் இல்லை. கடல்காற்று இன்னும் கிளம்பவில்லை. கடலூரில், கிழக்குப் பார்த்த எங்கள் வீட்டு வாசற்கதவுக்கு மேலே இருந்த அரைவட்டத் திறப்பில், மாமா தான் செய்த வண்ணக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக் காட்டினார். எனக்கு வயது எட்டு.

மாமா என் உம்மாவின் தம்பி. ரங்கூனில் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர். அங்கே குண்டு விழத் தொடங்கியதும் மாமியோடு காடும் மலையுமாக நடந்தே வந்து சேர்ந்தார். கொண்டுவந்தது ஒரே துணி மூட்டை. அதில் இரண்டு சேலை, கண்ணாடி அறுக்கும் வைரக் கத்தி ஒன்று, சின்னச் செருப்பு ஒன்று. ஒற்றைச் செருப்பை இவ்வளவு தூரம் சுமப்பார்களா என்று நான் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை.

சிதம்பரத்தில் இடித்துக்கொண்டிருந்த பழைய மாளிகையிலிருந்து இரண்டு கூடை உடைந்த வண்ணக் கண்ணாடி வந்தது. மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை உருக்கி, துண்டுகளை இணைத்தார். ஐந்து மாத வேலை, நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். எண்ணியவன் நான், தவறியிருக்காது.

வாப்பா கேட்டது பூவும் கொடியும். மாமா செய்ததோ, சிவந்த பாதையில் ஏறிப்போகும் செருப்புகள். மனித உருவம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் செருப்பைப் பார்த்தாலே ஆள் தெரிந்தது. வார் அறுந்து கயிறு கட்டியது ஒரு கிழவருடையது. குதிகால் தேய்ந்தது சுமை தூக்கியவருடையது. பிறகு எத்தனையோ ஊர்களில் கண்ணாடிச் சித்திரங்களைப் பார்த்துவிட்டேன். ஆளே இல்லாமல் வலியைக் காட்டிய கைவேலை வேறெங்கும் கண்டதில்லை.

“ஏன் மச்சான், செருப்பைப் போயி வாசலுக்கு மேல வெப்பாங்களா? ஊரே சிரிக்கும். எறக்கு கீழ” என்றார் வாப்பா.

மாமா ஏணியில் நின்றபடியே சொன்னார்: “செருப்புன்னா வூட்டு வாசல்ல கழட்டிப் போடணும். எங்ககூட நடந்த இவுங்கள்லாம் வாசலுக்கே வந்து சேரலியே மச்சான்.”

அதற்குள் நான் எண்ணி முடித்துவிட்டேன்.

“இருவத்தி மூணு! மாமா, கணக்கு ஒதைக்குது. கடைசில சின்னது ஒத்தையா நிக்குது!”

“கணக்குப்புள்ள, அது சரியாத்தாண்டா இருக்கு” என்றார் மாமா. திண்ணையில் இருந்த மாமி எழுந்து உள்ளே போனார். வாப்பா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். “வெய்யி மச்சான். கெட்டியா வெய்யி.”

எனக்குத்தான் பொறுக்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனதும், மிச்சமிருந்த நீலக் கண்ணாடியை எடுத்து, இருபத்து நான்காவதை நானே அறுத்தேன். விரலும் சேர்ந்து அறுந்தது. ஓடிவந்த மாமி துணி சுற்றினார்.

“இது எதுக்குடா?”

“சின்னதுக்கு ஜோடி மாமி.”

அவர் திட்டவில்லை. ரத்தம் படிந்த அந்தத் துண்டைத் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிடுங்கிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

ஜோடி மாமியின் மூட்டையில் ஏற்கெனவே இருந்தது. அதைப் போட்டிருந்தது அவர்களுக்கு ரங்கூனில் பிறந்து, நடந்து வந்த பாதி வழியில் இறந்துபோன பிள்ளை, என் வயதுப் பிள்ளை. இது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. அன்று சாயங்காலம் என் நோட்டில் இப்படி எழுதி வைத்தேன்: கண்ணாடியால் ஆன செலவு, விரலுக்கு மருந்து போட்ட கம்பவுண்டருக்கு, ஆக மொத்தம் மூன்றணா.