கணினி எழும்போது ஓடிய வரிகள்

ஆயுத பூஜையன்று பெங்களூரு ஆடுகோடியில் எங்கள் தெருவே விடுமுறையில் இருந்தது. என் மகளுக்கு மட்டும் நண்பகலில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் ஆன்லைன் நேர்காணல். வேலை போய்ச் சில மாதங்களாக வீட்டில் இருந்தாள். கடைசிச் சுற்றுவரை வந்தது இது ஒன்றுதான். தான் எழுதிய புரோகிராமைத் தன் லேப்டாப்பில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

லேப்டாப் எழவில்லை. கறுப்புத் திரையில் லினக்ஸின் வெள்ளை வரிகள் கடகடவென ஓடி நின்றுவிட்டன. அந்த வரிகளைக் கணினியே தனக்குள் ஒரு கோப்பில் எழுதி வைக்குமாம். அதைத் திறந்து படிக்க, கணினி எழுந்திருக்க வேண்டும்.

"அப்பா, மறுபடி ஆன் பண்றேன். ஃபோன்ல வீடியோ எடுங்க. கை ஆடக் கூடாது."

கை ஆடியது. இரண்டாம் முறை ஃபோனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்து எடுத்தேன். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் படித்தோம். சிவப்பில் ஒரு 'ஃபெயில்ட்' வந்ததும் அதன்மேல் விரலை வைத்தேன்.

"என்னம்மா இது?"

"அது தினமும் வரும்பா. ப்ளூடூத். சும்மா இருங்க."

முடிவுக்குச் சற்று முன் சாதுவாக ஒரு வரி இருந்தது: ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறதாம். மகள் மேசைக்குப் பின்னால் கையை விட்டாள். வெறும் கேபிள் வந்தது.

"அம்மா! என் ஹார்ட் டிஸ்க் எங்க?"

"சாமிகிட்ட," என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து. "லேப்டாப்பைத் தரமாட்டேன்னுட்ட. பதிலுக்கு அதை வெச்சேன்."

கத்தரிக்கோலுக்கும் ஸ்கூட்டர் சாவிக்கும் நடுவில் சந்தனம், குங்குமத்துடன் டிஸ்க் இருந்தது. புரோகிராம் மொத்தமும் அதில்தான்; அது மாட்டியிருந்தால்தான் லேப்டாப்பும் எழும்.

"நாளைக்குப் புனர்பூஜை பண்ணாம எடுக்கக் கூடாதுடி."

"என் வேலைம்மா!"

"உன் வேலைக்குத்தான்டி வெச்சேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எடுக்க வேணாம். லேப்டாப்பை இங்க கொண்டுவந்து மாட்டிக்கலாம்," என்றேன்.

மனைவி யோசித்தாள். "சந்தனம் அழியாம மாட்டச் சொல்லுங்க."

பூஜை அலமாரிக்கு முன் ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைத்தோம். வரிகள் ஓடின, அந்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போயின. மகள் சம்மணமிட்டு உட்கார்ந்து நேர்காணலை முடித்தாள். புரோகிராம் ஓடியது.

பதில் இன்னும் வரவில்லை. மறுநாளே புனர்பூஜை ஆகிவிட்டது. ஆனால் வேலை கிடைக்கட்டும், பிறகு டிஸ்க்கை எடுக்கலாம் என்கிறாள் மனைவி. மகள் தினமும் சாமி முன்னால் உட்கார்ந்துதான் மற்ற கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்புகிறாள். என்னிடம் வந்து முறையிட்டாள். நான் அவளுக்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டேன்.