வட்டைத் துண்டும் ஒரு பிள்ளைப்பேறும்

கையில் காசில்லாமல் காசைச் செலவழிக்க ஆசைப்பட்ட ஒரே ஆளை நான் கண்டிருக்கிறேன் என்றால் அது என் மனிசன் கோணாமலைதான். தேற்றாத்தீவில் ஒரு தோணியும் வீச்சு வலையும் வைத்து வாவியில் றால் பிடிக்கிறவர். இரவில் வாவிக்குள் இறங்கக்கூடாது என்று ஆமி தடை போட்ட பிறகு, விடிந்த பின் போய் வெயில் ஏறமுதல் திரும்பிவிட வேண்டும். வெளிச்சத்தில் றால் அவ்வளவாக அகப்படாது. ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ. அதையும் றால் வியாபாரி காத்தான்குடி உசனார் நானா வந்து நிறுத்து எடுத்துக்கொண்டு போவார். இப்படிப் பிழைக்கிற மனிசன், தொண்ணூற்றெட்டாம் ஆண்டு எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது, சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

“இந்த முற பிரைவேட்டுக்குத்தான் போறம், கண்ணகை.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது.

“பிரைவேட்டுக்கோ? காச எங்க வச்சிரிக்கீங்க? வாவிக்குள்ள வலை வீசி எடுக்கப் போறீங்களோ?”

“ஒண்ட வட்டைத் துண்ட வித்தா வரும்.”

கோபம் வந்தது என்று சொன்னேனே, அதற்குப் பிறகு வந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியாது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் கிடக்கிற ஒன்றரை ஏக்கர் வயல் அது. என் அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுத்த சாரனோடு வந்து ஏறுவார். கோணாமலையும் அப்படித்தான் வந்தார், ஒரு வலையும் தோளில் கிடந்தது. நான் கையெழுத்து வைக்காமல் அந்த வயலில் ஒரு பிடி மண்ணைக்கூட அவரால் விற்க முடியாது.

அவருடைய பயம் எனக்கு விளங்காமல் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்ட நேரம் எனக்கு முதல் பிள்ளைக்கு நோவு கண்டது. ஊரே கோயில் மடத்தில் அடைந்து கிடந்தது. அவர் ரோட்டுக்கு ஓடினார், வந்தார், திரும்பவும் ஓடினார். “ஒரு வாகனத்தையும் காணல்ல” என்றார். ஆண் பிள்ளை. மத்தியானம் பிறந்தான், பொழுது சாயமுதல் போய்விட்டான். அதற்குப் பிறகு எட்டு வருடம் என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. இப்போது தங்கியிருக்கிறது. இதையும் இழந்தால் நாங்கள் இரண்டு பேரும் என்ன ஆவோம் என்று நினைக்கவே எனக்குத் துணிவு வரவில்லை.

ஆனாலும் கணக்கென்று ஒன்று இருக்கிறதே! பட்டணத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் சாதாரணப் பேறு என்றால் இருபத்தையாயிரம், வெட்டி எடுத்தால் நாற்பதாயிரம் என்று விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். தனி அறை, தலைக்கு மேல் ஃபேன், புருசன் பக்கத்திலேயே இருக்கலாம். அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் ஒரு சதமும் இல்லை. ஆனால் புருசன்மார் கேற்றுக்கு வெளியே நிற்க வேண்டும், கட்டில் நிரம்பினால் பாய்தான்.

“சும்மா பாக்கிற இடத்தில ஆர் கா நம்மளத் திரும்பிப் பாப்பாங்க? காசு குடுத்தா ஒரு கேள்வி கேக்கலாம்” என்பார்.

“ஊர்ப் பொம்பிளையள் எல்லாரும் அங்கதானே பெத்துப்போட்டு வாறாளுகள்! எனக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிரிக்கி?” என்பேன் நான்.

ஒரு மாதம் இதே சண்டை. அலுத்துப்போய் ஒரு நாள் சொன்னேன்: “சரி. பிறக்கிறது ஆம்புளப் புள்ள எண்டா கையெழுத்து வைக்கிறன். அவன் எப்பிடியும் இன்னொருத்தி வீட்டுக்குப் போறவன், அவனுக்கு வயல் தேவல்ல. பொம்புளப் புள்ள எண்டா வைக்க மாட்டன். வயலில்லாத பொட்டைய நாளைக்கு ஆர் எடுப்பான்?”

பிறக்கமுதல் எப்படித் தெரியும் என்று யோசிக்காமல் சொன்ன சொல். மனிசன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அடுத்த நாளே அரைக் கிலோ றாலோடு பக்கத்து வளவு சீதேவிப்பிள்ளை அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா என் வயிற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “கூர் வயிறு. ஆம்புளதான், சந்தேகமில்ல” என்றாள். மறு கிழமை அவர் கொடுத்த றால் பொடியாகப் போய்விட்டது. அக்கா வயிற்றைத் திரும்பவும் பார்த்துவிட்டு, “இப்ப கொஞ்சம் பரந்தாப்போலவும் கிடக்கு” என்றாள். ஊரில் இருந்த ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. கேட்டவர்களெல்லாம் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஆண் என்றார்கள்.

வயலை வாங்க ஊரின் பெரிய வயல்காரர் வினாயகமூர்த்திப் போடியார் ஆயத்தமாக இருந்தார். நாற்பதாயிரம் சொன்னார். சண்டைக்குள் அகப்பட்ட பூமிக்கு அதுவே பெரிது என்று வேறு சொன்னார். திங்கட்கிழமை நொத்தாரிசைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்து காணி உறுதிப் பத்திரம் எழுதுவது என்று பேச்சு. நான் விடவில்லை.

“சீதேவியக்காட கண்ண நம்பி நான் பூமிய எழுத மாட்டன். ஸ்கேன் எடுத்துக் காட்டுங்க.”

அப்படித்தான் ஏழாம் மாதம் முடிகிற நேரம், அந்த வெள்ளிக்கிழமை, நாங்கள் பட்டணத்துக்கு பஸ் ஏறினோம். ஆமியின் சென்றிப் பொயின்ற் வருகிற இடமெல்லாம் இறங்கி, வரிசையில் நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடியும் ஏற வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரியை ஆமிக்காரப் பொம்பிளை ஒருத்தி வயிற்றைத் தடவித்தான் சோதித்தாள். உள்ளே இருப்பது குண்டா பிள்ளையா என்று அவளுக்குச் சந்தேகம் போல. நான் முறைத்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

தனியார் ஆஸ்பத்திரி சொன்னபடியே இருந்தது. வழுக்குகிற தரை, சத்தமில்லாத ஃபேன். டொக்டர் நரைத்த தலைக்காரர், எங்கள் பக்கத்து ஆள். ஸ்கேன் மெஷினை வயிற்றில் வைத்து அங்கும் இங்கும் உருட்டினார். பிறகு ஒரே இடத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

“ஆம்புளப் புள்ளதானே, டொக்டர்?” என்று இவர் கேட்டார்.

“அத நான் பாக்கல்ல.” டொக்டர் என்னிடம் திரும்பினார். “தங்கச்சி, ரத்தம் பட்டிச்சா?”

போன கிழமை கொஞ்சம் பட்டது. சொன்னால் வயலை விற்க அதையே சாட்டாகப் பிடித்துக்கொள்வார் என்று மறைத்துவிட்டேன். வயலைப் பார்த்தேனே தவிர வயிற்றைப் பார்க்கவில்லை. அதைப் போல மடைத்தனம் நான் வேறு செய்ததில்லை.

“ஓம்” என்றேன். என் மனிசன் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

டொக்டர் விளக்கினார். நஞ்சுக்கொடி மேலே இருக்க வேண்டியது. எனக்குக் கீழே வந்து, பிள்ளை வருகிற வாசலை மூடிக்கொண்டு கிடக்கிறது. நோவு கண்டால் முதலில் வருவது பிள்ளை இல்லை, ரத்தம். வீட்டில் கண்டால் இரண்டு பேருமே தப்புவது கஷ்டம்.

என் மனிசன் எழும்பி நின்றார். “காசு பிரச்சினையில்ல, டொக்டர். திங்கக்கிழம காணி எழுதுறம். எவ்வளவு எண்டாலும் சொல்லுங்க. இஞ்சயே வச்சிப் பாருங்க.”

“இரிங்க தம்பி. காணிய வித்து முழுக் காசையும் எண்ட மேசையில வச்சாலும் இஞ்ச ரத்தம் இல்ல. ரத்தம் பெரியாஸ்பத்திரியிலதான் இரிக்கி. மயக்கம் குடுக்கிறவரும் அங்கதான். காலையில நானும் அங்கதான் வேலை. அங்க காசு வாங்காம வெட்டுவன்.”

“சும்மாவா?” என்றார் இவர், ஏதோ ஏமாற்றுக்காரனைப் பார்ப்பது போல.

“சும்மாதான். வீட்ட போகாதீங்க. துண்டு எழுதித் தாறன், இண்டைக்கே கொண்டுபோய்ப் படுக்க வையுங்க.”

ஸ்கேனுக்கு நானூறு ரூபாய் எடுத்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த நானூறு ரூபாய் இல்லையென்றால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை போடியார் நொத்தாரிசோடு வந்து, பூட்டியிருந்த படலையில் அரைமணித்தியாலம் நின்று, எங்களைத் திட்டிக்கொண்டு போனாராம். நல்லாய் நிற்கட்டும்.

பெரியாஸ்பத்திரி வாட்டில் நாலு கிழமை படுத்திருந்தேன். எழும்பி நடக்க விடமாட்டார்கள். பக்கத்துக் கட்டில் ஓட்டமாவடி உம்மு குல்தூம். முதல் இரண்டையும் தனியார் ஆஸ்பத்திரியில் பெற்றவள். புருசன் சவுதியில் இருந்து காசு அனுப்பிய காலம் அது. “அங்க ராணி மாதிரி வச்சிருந்தாங்க புள்ள” என்பாள். “ஆனா தனிய ஒரு அறைக்குள்ள கிடந்து பயந்து செத்தன். இஞ்ச ஏச்சு வாங்கினாலும் பேச்சுத் துணைக்கு முப்பது பேர்!” அவள் சொன்னது சரி. நேர்ஸ் மிஸ்ஸிமார் நல்லாய்த்தான் ஏசினார்கள். ஏசிக்கொண்டே ஒரு நாளைக்கு ஆறு தரம் வந்து பார்த்தார்கள்.

சும்மா என்கிறார்கள், சும்மா இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நாலு கிழமையும் இவர் தொழிலுக்கு ஒழுங்காய்ப் போகவில்லை. சோற்றுப் பார்சலோடு பஸ், சென்றி, பஸ், சென்றி என்று வந்து, பன்னிரண்டு மணிக்குக் கேற் திறக்கும்வரை வெயிலில் நிற்பார். எனக்காக எடுக்கிற ரத்தத்துக்குப் பதில் இரண்டு பேர் ரத்தம் கொடுத்தால் நல்லது என்று மிஸ்ஸி சொன்னாள். இவருக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். அடுத்த நாள் உசனார் நானாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நானா முதலில் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு இவரைப் பார்த்து, “என்னடா, முள்ளு றாலப் புடிக்கிற கை ஒரு ஊசிக்கு நடுங்குது? படுடா!” என்று அதட்டினாராம். கொடுத்துவிட்டு மயங்கி விழுந்தது என் மனிசன்தான். நானா பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து எழுப்பினாராம். உம்மு குல்தூமிடம் இதைச் சொல்லி இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

நாலாம் கிழமை வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு எனக்கு ரத்தம் திறந்துகொண்டது. மெத்தை நனைந்து தரைக்கு ஓடியது. உம்மு குல்தூம் போட்ட சத்தம் கேற்றுக்குக் கேட்டிருக்கும். மிஸ்ஸிமார் ஓடி வந்தார்கள். தள்ளுவண்டியில் போகும்போது மேலே விளக்குகள் ஓடுவது தெரிந்தது. “அம்மாளே, இதையாவது தா” என்று கும்பிட்டேன். தியேட்டர் வாசலில் அந்த நரைத்த தலை தெரிந்தது. “பயப்படாதிங்க தங்கச்சி, ரத்தம் இரிக்கி” என்றார். அந்த ஒரு சொல்லோடு கண்ணை மூடினேன்.

முழித்தபோது வயிற்றில் தீ. காதுக்குப் பக்கத்தில் வீறிட்ட ஒரு அழுகைச் சத்தம். மிஸ்ஸி துணிச் சுருளைக் காட்டினாள். “பொம்புளப் புள்ள. ரெண்டேகால் கிலோ. தொண்டையப் பாருங்க, உங்களப்போலதான்!” என்றாள். நான் அழுதேன், சிரித்தேன், தையல் இழுத்ததால் ஐயோ என்றேன். எட்டு வருடம் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. வேறு எப்படிச் சொல்வது?

எட்டாம் நாள் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். இவர் உசனார் நானாவிடம் முற்பணமாக வாங்கிய ஐயாயிரத்தைச் சாரன் மடியில் முடிந்துகொண்டு வந்திருந்தார். வாசலில் இருந்த கிளாக்கரிடம் போய், “எவ்வளவு கட்ட வேணும்?” என்று கேட்டார்.

“எதுக்கு?”

“இவக்கு. புள்ளைக்கு. வெட்டினதுக்கு, ரத்தத்துக்கு.”

“ஒண்டுமில்ல அண்ணன். கிளினிக் காட்ட எடுத்துக்கிட்டுப் போங்க.”

“சரியாப் பாருங்க தம்பி. நாலு கிழமைக்கு மேல கிடந்தவ.”

“ஒண்டுமில்ல எண்டுறன்!” என்று கிளாக்கர் சிரித்தார். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிக் கத்தினார்கள்.

மனிசன் வெளியே வந்து, வாகை மரத்தடியில் குந்தி, சனம் பார்க்கப் பார்க்கக் குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்குப் பயமாகப் போய்விட்டது. பிள்ளையோடு பக்கத்தில் மெதுவாக இருந்தேன்.

“என்ன மனிசன்? நல்ல நாளில ஏன் இப்பிடி?”

“அண்டைக்கு வாகனம் வந்திச்சு, கண்ணகை.”

எனக்கு விளங்கவில்லை.

“தொண்ணூறில. ஒரு டிரக்டர் வந்திச்சு. களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி மட்டும் கொண்டுபோய் விட இருநூறு ரூவா கேட்டான். எங்கிட்ட பன்னெண்டு ரூவாதான் இருந்திச்சு. கால்ல விழுந்தன். விட்டிட்டுப் போயிட்டான். உங்கிட்ட வந்து ஒண்டையும் காணல்ல எண்டு சொன்னன். காசு குடுத்தாத்தான் மறுகா ஒருத்தனும் நம்மள விட்டிட்டுப் போக மாட்டான் எண்டு நினைச்சன். இவங்க ஒரு சதமும் கேக்கல்லியே கா…”

எட்டு வருடமாக ஒரே பாயில் படுத்தவர். எனக்கு வாயில் வந்த கோபம் அந்த டிரக்டர்காரனுக்கா, இவருக்கா என்று தெரியவில்லை. இவர் முகத்தைப் பார்த்ததும் அது நின்ற இடம் தெரியாமல் போய்விட்டது.

“நான் எட்டு மாசம் சுமக்கவே இந்தப் பாடு” என்றேன். “நீங்க எட்டு வருசமா சுமந்திரிக்கீங்களே, மனிசன்! ஒரு நாளாவது எண்ட கையில தந்திருக்கக் கூடாதா?”

நான் பிள்ளையைத் தூக்கி அவர் கையில் வைத்தேன்.