ஏழு தரம் கழுவிய கை

நாய் என்றாலே ரஹ்மத்துன்னிசாவுக்கு ஈரக்குலை நடுங்கும். காயல்பட்டினத்தில் அவள் சிறுமியாக இருந்தபோது, நாய் கடித்த பக்கத்து வீட்டுப் பையன் தண்ணீரைப் பார்த்து அலறி அலறியே மௌத்தானான். அதைக் கண்ணால் பார்த்தவள். கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தாள். கணவர் யூசுஃபுக்குப் பை வியாபாரம். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். அவர்கள் குடியிருந்த விஷ்ராந்த்வாடியில் இரண்டுக்கும் பஞ்சமில்லை, அவளுக்குத்தான் கல்லெடுக்கக் கை வராது.

அப்படிப்பட்டவள் வீட்டுக்குள்ளேயே ஒரு நாய் நுழைந்தது, டிவி வழியாக. இரண்டாயிரத்து மூன்று வாக்கில், இந்தி பேசும் ஜப்பான் கார்ட்டூன் ஒன்று சாயங்காலந்தோறும் ஓடியது. அதில் ஒரு பழுப்பு நாய். வீட்டுச் சிறுமி ரொட்டியைக் கொடுத்துவிட்டுக் கை நீட்டினால், கவ்வியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ராத்திரி அவள் அறை வாசலில் குறுக்கே படுத்துக் காவல் காக்கும். எட்டு வயது மகள் ஃபிசா அதன்மேல் உயிரையே வைத்திருந்தாள். படத்து நாய் கடிக்கவா போகிறது என்று ரஹ்மத்துன்னிசாவும் விட்டுவிட்டாள். சமயத்தில் கூடவே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அது வேறு விஷயம்.

ஒரு நாள் குளியலறையில் தண்ணீர் நிற்காமல் ஓடியது. எட்டிப் பார்த்தால், ஃபிசா பூந்தொட்டி மண்ணைக் கையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நாய் வாய் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். அவர்கள் வழக்கம் அது. மண் போனதும் கையில் இரண்டு பல் தடம் தெரிந்தது.

"எப்ப புள்ள கடிச்சுது?"

"முந்தாநாளு உம்மா. கீழ நிக்கிற மோத்தி. டிவில மாதிரி பாவ் ரொட்டி குடுத்து வாபஸ் கேட்டேன். நீங்க நஜீஸு, அசுத்தம்னு ஏசுவீங்கன்னுதான் சொல்லல. டெய்லி கழுவுறேன்."

ரஹ்மத்துன்னிசா ஃபிசாவை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். கழுவினால் சுத்தமாகும் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், விஷம் அதில் போகாது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

டாக்டர் ஊசி போட்டார். அடுத்தடுத்த ஊசிகளைத் தவறவிடக் கூடாது என்றார். "அந்த நாயையும் பத்து நாள் கவனியுங்கள். செத்தாலோ காணாமல் போனாலோ உடனே வாருங்கள்."

அதிலிருந்து அவள் உயிர் மோத்தியின் வாலில் தொங்கியது. விடிந்ததும் பால்கனியிலிருந்து பார்ப்பாள். வால் ஆடினால்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். நினைத்தபோதெல்லாம் மகளிடம் தம்ளரை நீட்டுவாள்.

"இப்பதானே குடிச்சேன் உம்மா."

"என் கண்ணு முன்ன குடி."

தொண்டை ஏறி இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பாள். பாவம், பிள்ளைக்குத் தண்ணீரே வெறுத்துவிட்டது. வேண்டாம் என்று அது முகம் சுளித்தால் இவளுக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் ஞாபகம் வந்துவிடும்.

கெடு முடியுமுன்பே ஒரு காலை மாநகராட்சி நாய் வண்டி வந்தது. மோத்தியின் கழுத்தில் சுருக்கு விழுந்ததைப் பார்த்தவள் செருப்பில்லாமல் படியிறங்கி ஓடினாள்.

"சோடோ பையா. ஹமாரா குத்தா ஹை." விட்டுவிடு, எங்கள் நாய் என்று கெஞ்சினாள்.

"உங்க நாய்னா கழுத்துப்பட்டை எங்கே?" என்று இந்தியில் கேட்டான் வண்டிக்காரன்.

பட்டைக்கு எங்கே போவாள்? நடுத்தெருவில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மோத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மோத்தி அவள் கன்னத்தை நக்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாளே தவிர, பிடியை விடவில்லை. வண்டிக்காரன் தலையிலடித்துக்கொண்டு சுருக்கைத் தளர்த்தினான்.

மாடிப்படியடியில் மோத்தியைக் கட்டிவிட்டு மேலே போனவள், தன் சீர்க் கிண்ணத்தில் தண்ணீரோடு இறங்கி வந்தாள். அதை அதன் முன் வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மோத்தி முகர்ந்தது. பிறகு சளப் சளப்பென்று குடித்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள்.

பின்னாலேயே வந்த ஃபிசா கை நிறையத் தொட்டி மண்ணை நீட்டினாள். "உம்மா, கன்னம் கழுவணும். கிண்ணமும் ஏழு தரம்."

"கன்னத்தைக் கழுவிக்கிறேன்" என்றாள் ரஹ்மத்துன்னிசா. "கிண்ணம் அதுக்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கும் அது தண்ணி குடிக்கணும்."