மாஹேயில் வரைந்த காரைக்கால் கடல்

போன செவ்வாய்க்கிழமை காலை நம் ஓய்வூதியர் சங்கத்தின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வந்த நண்பர், "கலியமூர்த்தி சார் போயிட்டாருங்க. தூக்கத்துலயே" என்றார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நிறைவாக வாழ்ந்துவிட்டுப் போன மனிதர் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

பொதுப்பணித் துறையில் மதகுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் மயிரிழை பிசகாமல் வரைபடம் போட்டவராக அவரை உங்களுக்குத் தெரியும். எழுபதுகளின் பிற்பகுதியில் எங்கள் இருவரையும் காரைக்காலிலிருந்து, கேரளக் கரையில் இருக்கும் மாஹேக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தோம். அங்கே தினமும் சூரியன் கடலுக்குள் இறங்கும். பார்த்துவிட்டு, "அழகுதாங்க. ஆனா நம்ம கடல் வேற" என்பார்.

ஒருநாள் ஆறடி நீளத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்தார். எங்கள் ஊர்ப் பட்டினச்சேரிக் கரையின் மாலைப் பொழுதை எண்ணெய் வண்ணத்தில் தீட்டப்போவதாகச் சொன்னார். கையில் புகைப்படம் எதுவும் இல்லை. அறை முழுக்க டர்பன்டைன் வாடை. நான் பாயை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, அரைத் தமிழில், "சூரியன் எவிடே?" என்றார்.

"நமக்குப் பின்னாடிங்க. எங்க ஊர்ல கடலைப் பாத்து நின்னா சாயங்கால வெயில் முதுகுல அடிக்கும்."

கடலுக்கு மேலிருந்த மேகத்தின் வெளிர் சிவப்பு மட்டும் பிடிபடவில்லை. மூன்று முறை சுரண்டி எடுத்தார். ஊரில் இருந்த அவர் மனைவியை நினைத்து, "அண்ணிக்கு லெட்டர் போட்டுக் கேளுங்களேன்" என்றேன்.

"கேட்டா அது அவ பாத்த கடலா ஆயிடுங்க. நான் பாத்தது தானா வரட்டும்."

எட்டு மாதம் ஆயிற்று. படத்தைப் போர்வையில் சுற்றி, ரயிலில் நாங்கள் இருவரும் பிடித்துக்கொண்டே ஊர் கொண்டுவந்து சேர்த்தோம். திருமலைராயன்பட்டினத்து வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடி, நம்ம கரைதான் என்று மெச்சினார்கள். அவர் மனைவி சரோஜா அண்ணி மட்டும் கிட்டே போய்ப் படகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"படகு நிழலெல்லாம் நம்ம பக்கமா விழுதுங்க. வெயில் முதுகுல அடிச்சா, நிழல் கடல் பக்கம்தானே போவணும்?"

மாஹேயில் தினமும் பார்த்த, கரைப் பக்கம் விழும் நிழல் கலியமூர்த்தியின் கைக்குள் புகுந்திருக்கிறது. பக்கத்திலேயே இருந்த எனக்கும் அது தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டேன்.

கலியமூர்த்தி ஒரு நாற்காலியை இழுத்துப் படத்துக்கு முன்னால் போட்டார். "உக்காரு சரோஜா. இன்னும் என்னென்ன தப்புன்னு நிதானமா பாத்துச் சொல்லு." அவர் குரலில் கோபமே இல்லை, சந்தோஷம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஆறு படகுகளின் நிழல்களையும் கடல் பக்கம் திருப்பினார்.

படம் அந்த வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. எனக்கு அவர் விட்டுப்போனது அந்த நாற்காலியை இழுத்துப் போட்ட விதம். போன மாதம் என் மகள் என் கணக்கில் ஒரு பிழையைக் காட்டினாள். மறுத்துப் பேச வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். பிறகு, "உக்காரும்மா" என்றேன்.